கோணக்கொம்பன்

குனிந்து நுழைகிற இடங்களில் எல்லாம் கொனாரியாவுக்குக் குரல் தானாக உயர்ந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையும் அப்படித்தான். இடுப்புயர வாசலில் ஒருவர் பின் ஒருவராகத் தவழ்ந்து வந்த பதினோரு பேரையும் சுவரோரமாக நிறுத்திவிட்டு, "தலைய பாத்துக்கோங்க. அஞ்சாயிரம் வருஷமா இந்தப் பாறை யாருக்கும் வழிவிட்டதில்ல" என்றாள். தூரின் நகரத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரர்கள் அவர்கள். சொன்னதுமே ஒருவர் 'ணங்' என்று இடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

இத்தாலியின் சார்டீனியாத் தீவின் நடுவே அந்த மலைச் சரிவில் ஒன்பது குகைகள் இருந்தன. செத்தவர்களை வைப்பதற்காக மனிதர்கள் கல்லால் கல்லைக் குடைந்து உண்டாக்கியவை. ஊரில் அவற்றை தேவதை வீடுகள் என்பார்கள். முழங்கால் உயரத் தேவதைகள் உள்ளே உட்கார்ந்து தறி நெய்தார்களாம். கொனாரியா அந்தக் கதையை வாசலிலேயே சொல்லி முடித்துவிடுவாள். உள்ளே வந்தபின் கதை கிடையாது, சாட்சி மட்டும்தான். அது அவள் வைத்துக்கொண்ட சட்டம். ஐம்பத்து மூன்று வயதில், தன்னைப்போல மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டு, முள்ளை வெட்டிப் பாதை போட்டு, நகராட்சியோடு சண்டை பிடித்து, ஆட்டுமந்தை மட்டுமே ஏறிய சரிவில் வாரம் நூறு பேரை ஏறவைத்தவள். தன் குரலின்மேல் அவளுக்கு நம்பிக்கை இருந்தது.

மூன்றாவது குகையின் உள்சுவரில்தான் அந்த மாட்டுத்தலை இருந்தது. பதினோரு வருடங்களுக்கு முன் பாசியைத் துடைக்கும்போது அவள் கண்டது. பத்திரிகையில் அவள் படம் வந்தது. இப்போது ஊர் எல்லைப் பலகையில் அந்த மாடு, பாலாடைக்கட்டி உறையில் அந்த மாடு, பள்ளிப் பிள்ளைகளின் சட்டைப்பையில் அந்த மாடு.

"இடது கொம்பு வளைஞ்சு கீழ இறங்குது பாருங்க. அது தேயிற நிலா. கொம்பு நுனில சிவப்பா ஒரு பொட்டு தெரியுதா? செங்காவி. செத்தவங்க திரும்பப் பிறக்கணும்னு வெச்ச ரத்த நிறம்."

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நிலாவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லம்மா. பேசாதே!"

கொனாரியா விறைத்தாள். அவளை இதுவரை யாரும் குகைக்குள் வைத்து அதட்டியதில்லை. விளக்கைத் திருப்பினாள். தொப்பியைக் கையில் பிடித்தபடி பக்கீசியோ நின்றிருந்தார். அறுபது வருடத்துக்கும் மேலாக பெல்ஜியத்தில் இருந்துவிட்டு, போன இலையுதிர்காலத்தில் ஊர் திரும்பியவர். எண்பத்திரண்டு வயது. கூட்டத்தோடு எப்போது ஒட்டிக்கொண்டு ஏறினார் என்று அவள் கவனிக்கவில்லை.

"ஏன் மாமா, நான் ஏன் பேசக்கூடாது?"

"ஐயோ, உன்னச் சொல்லல. அது மாட்டோட பேரு." அவர் சுவரைக் காட்டினார். "எங்க வீட்டு ஜோடி. ஒண்ணு பொறுத்துக்கோ, இன்னொண்ணு பேசாதே. எங்கப்பா ஏர் ஓட்டிக்கிட்டே கூப்பிட்டா வழில போற பொம்பளைங்கல்லாம் தங்களத்தான் சொல்றான்னு சண்டைக்கு வருவாங்க. இவன் பேசாதே. இடது கொம்பு பிறவியிலேயே கோணல். நான்தான் போட்டேன்."

வங்கிக்காரர்கள் மறுபடி சிரித்தார்கள். கொனாரியாவும் சிரித்தாள். "இந்த ஊர்ல எந்தக் கல்லத் தொட்டாலும் எங்க தாத்தா வெச்சதுன்னு ஒருத்தர் வருவாங்க. நீங்க நேரா நானேன்னு வந்துட்டீங்க."

அவர் கோபப்படவில்லை. "கத்தி முனை உடைஞ்சு உள்ளயே நின்னுபோச்சு. நீ பொட்டுன்னியே, அது அதோட துருதான்" என்றார், ஏதோ அவளுக்கு உதவி செய்கிறவர் மாதிரி.

அந்தச் சுவருக்கு ஒரு முழம் அருகில்கூட அவள் யாரையும் விட்டதில்லை. தானும் தொட்டதில்லை. இப்போதும் தொடத் தோன்றவில்லை. ஆனால் பதினோரு ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. சாட்சி மட்டும்தான் என்று வாசலில் சொன்னதும் அவள்தான். சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைக் கழற்றினாள். அதன் பின்னால் ஒரு சிறு காந்தம் உண்டு. அதை இரண்டு விரலால் பிடித்துச் செம்பொட்டின் அருகே கொண்டுபோனாள்.

டக்.

சின்னச் சத்தம்தான். குகை முழுக்கக் கேட்டது. விரலை எடுத்த பிறகும் காந்தம் கொம்பு நுனியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. கல்லால் கல்லைக் குடைந்தவர்களிடம் இரும்பு ஏது?

கொனாரியாவின் காதுமடல் இரண்டும் கொதித்தன. இங்கே நின்றபடி எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பாள்? பேராசிரியர்கள் தலையாட்டியிருக்கிறார்கள். ஒரு பெண் அழுதிருக்கிறாள். காந்தத்தைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். குரல் இறங்கிவிடுமோ என்று பயந்தாள். இறங்கவில்லை.

"கொஞ்சம் முன்னாடி நான் சொன்னது தப்பு. நிலா இல்ல, காவி இல்ல. மாமா, எந்த வருஷம்?"

"ஐம்பத்தெட்டு. பிப்ரவரி." தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே அவர் சொன்னார். "ஓடைப் பக்கம் நான்தான் இவன ஓட்டிட்டு வந்தேன். பாதை ஈரம். வழுக்கி விழுந்து முன்னங்கால் ரெண்டும் போச்சு. அப்பா வந்து பாத்தாரு. இடுப்புக் கத்திய எடுத்து வேலைய முடிச்சாரு. அப்புறம் எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. ஒரு மாசம். அவர் கண்ணுல படாம இருக்க ஒரு இடம் வேணும்னு இங்க வந்து உக்காந்துக்குவேன். இதப் போட்டதும் அதே கத்தியாலதான். முனை உடைஞ்சதும் போதும்னு விட்டுட்டேன். மார்ச்சுல சுரங்க வேலைக்குக் கிளம்பிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "இது பேப்பர்லல்லாம் வந்துச்சாமே. அங்க எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா எழுதிப் போட்டிருப்பேன்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. தலையில் இடித்துக்கொண்டவர் மட்டும் மெதுவாகச் சுவரருகே வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாட்டை வெகுநேரம் பார்த்தார்.

மத்தியானத்துக்குள் செய்தி ஊருக்கு இறங்கிவிட்டது. மேயர் இன்யாசியோ அவளுடைய சித்தி மகன். சீட்டுக் கொடுக்கும் மரக் கொட்டகைக்கே மூச்சு வாங்க ஏறிவந்தான்.

"அக்கா, செவ்வாக்கிழம தொல்லியல் துறைலேர்ந்து அந்த ஆய்வாளரம்மா வருது. இந்தக் குகைகளப் பாதுகாக்கப்பட்ட இடமா அறிவிக்கணுமா வேணாமான்னு பாக்க. நீ வாயத் திறக்காத."

"பதினோரு பேர் பாத்தாங்கடா."

"பதினோரு பேரும் தூரினுக்குப் போயிடுவாங்க. அந்தக் கிழவருக்கு நேத்து என்ன சாப்பிட்டோம்னு ஞாபகம் இருக்குமா?"

"ஆணி மாதிரி ஞாபகம் இருக்கு. ஆணி மாதிரின்னா, நெசமாவே சுவத்துல இருக்கு."

"அக்கா, ஊர்ப் பலகைல மாடு. கட்டி உறைல மாடு. நான் என்ன, எல்லாத்துக்கும் மேல வெள்ளையடிக்கவா?"

"அடி. நான் ஏணியப் பிடிக்கிறேன்."

அவன் போன பிறகு அந்தத் துணிச்சல் கொஞ்சம் உதிர்ந்தது. திங்கட்கிழமை விடுமுறை. தனியாகப் போய் மாட்டின் எதிரில் உட்கார்ந்தாள். வாயைத் திறக்காவிட்டால் எதுவும் வெளியே வராது என்பது அவளுக்கும் தெரியும். இன்னும் சில வருடம் போனால் கிழவரும் இருக்கமாட்டார். அப்போதுதான் மாட்டின் கண் அவளைப் பார்த்தது. மற்றக் குகைகளில் கொம்புகள் வெறும் கோடுகள், கண்ணே கிடையாது. இந்த ஒன்றுக்குத்தான் கண் உண்டு, அதற்கு மேலே மூன்று இமைமயிர்கூட உண்டு. 'தீவிலேயே இது ஒன்றுதான்' என்று அதையே பெருமையாகச் சொல்லிவந்தாள். இமைமயிர்! ஒரு மாட்டை முகத்துக்கு முகம் பார்த்துப் பழகியவன்தானே அதைப் போடுவான்? அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, மற்ற எட்டுக் குகைகளையும் தான் இத்தனை வருடமாக அவசர அவசரமாகக் காட்டி வந்திருப்பதும் உறைத்தது.

செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் ஓர்தென்சியா மங்கா வந்தார். ஒல்லியான பெண்மணி, சேறு படிந்த பூட்ஸ், அளந்த பேச்சு. கொனாரியா முதல் இரண்டு குகைகளைத் தாண்டி நேராக மூன்றாவதுக்குள் அழைத்துப்போனாள். உள்ளே அவள் ஏற்கெனவே கொண்டுவந்து உட்காரவைத்திருந்த பக்கீசியோ எழுந்து நின்றார்.

"இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு. போட்டவர் இவர்தான். பதினோரு வருஷமா நான் தப்பாச் சொல்லிட்டேன். மத்ததெல்லாம் பழசு, நீங்களே பாருங்க."

கூடவே வந்திருந்த இன்யாசியோ கண்ணை மூடிக்கொண்டான். ஆய்வாளர் சுவரைப் பார்த்தார், காந்தத்தை வாங்கி வைத்துப் பார்த்தார், கிழவரைப் பார்த்தார்.

"மாட்டுக்கு என்ன வயசு?"

"ஒன்பது, மேடம். பேரு பேசாதே."

ஆய்வாளர் நோட்டில் அதை எழுதிக்கொண்டார். என்னென்னவோ நிறைய எழுதினார். கொனாரியாவுக்கு அந்த எழுத்து தலைகீழாகத்தான் தெரிந்தது. படிக்க முடியவில்லை.

பிறகு ஒவ்வொரு குகையாக ஏறினார்கள். கொனாரியா இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஐந்தாவதில் வெறும் இரண்டு கோடுகளுக்கு முன்னால் கால் மணி நேரம் பேசினாள். கல்லுளி பட்ட தடத்தின் சாய்வை வைத்துக் குடைந்தவன் இடக்கையன் என்றாள். "யார் சொன்னது?" என்றார் ஆய்வாளர். "கல்லு" என்றாள். ஆய்வாளர் மண்டியிட்டு, தானும் இடக்கையை ஓங்கிப் பார்த்துக்கொண்டார்.

ஏழாவதிலிருந்து எட்டாவதுக்குப் போகும் வழியில் வடமேற்குக் காற்று வானத்தைத் தள்ளிக்கொண்டு வந்து கொட்டியது. பக்கத்தில் இருந்த ஒன்பதாவதுக்குள் ஓடி நுழைந்தார்கள். இருப்பதிலேயே சின்னது. ஒரே ஒரு உடலை மடக்கி வைக்கிற அளவு. நான்கு பேரும் முழங்காலோடு முழங்கால் முட்ட ஒடுங்கி உட்கார்ந்தார்கள். நனைந்த கம்பளி மேற்சட்டைகளிலிருந்து ஆவி எழுந்தது.

"மேடம், எங்களுக்குக் கிடைக்குமா?" என்றான் இன்யாசியோ, தாளமுடியாமல்.

"மேயர், நீங்க என் கால்மேல உக்காந்திருக்கீங்க."

கொனாரியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். பக்கீசியோவின் தோள் குலுங்கியது. வெளியே மழை வாசலை மூடித் தொங்கியது. அதைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளாட்டுத் தலை உள்ளே நீண்டது. காதிலிருந்து நீர் சொட்ட, நான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது. இடமில்லை என்று தெரிந்தும் அது போகவில்லை. உடம்பை மழையில் விட்டுவிட்டுத் தலையை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு நின்றது. கிழவர் கால்களை இன்னும் கொஞ்சம் மடக்கினார். பிறகு ஆய்வாளரும் மடக்கிக்கொண்டார்.