மடிமேல் விரித்த துண்டு

சாருலதா என்றால் யாருக்கும் தெரியாது. மடி அக்கா என்றால் தெரியாத வீடு கிடையாது. ஒரு காலத்தில் சினிமாவில் கதாநாயகனுக்குத் தங்கையாக வந்து இடைவேளைக்குள் செத்துப்போவாள். தங்கையாகச் சாகிற வயசு தாண்டியதும் டிவிக்கு வந்துவிட்டாள். 'அக்கா மடி' என்று ஒரு நிகழ்ச்சி. சண்டை போட்டுப் பிரிந்த குடும்பங்களைக் கூட்டிவந்து உட்காரவைப்பாள். யார் அழுகிறார்களோ அவர்களைத் தன் மடியில் படுக்கச் சொல்லி, "எல்லாம் சரியாயிடும்டா தங்கம்" என்று தலையைத் தடவுவாள். மத்தியானம் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாமும் அழுவோம். நானும்தான் அழுதிருக்கிறேன்.

அவள் கொஞ்ச நாளாகக் குலக்காவல் சேனையின் மேடைகளில் ஏற ஆரம்பித்திருந்தாள். அது என்ன சேனை என்று கேட்கிறீர்களா, கண்ணுங்களா? நமக்கு வருகிற கஷ்டத்துக்கெல்லாம் வேறு சாமி கும்பிடுகிறவனும் வேறு பாஷை பேசுகிறவனும்தான் காரணம் என்று சொல்லும் கூட்டம். நிலம் போனதற்கும் அவன்தான், வேலை நிரந்தரம் ஆகாததற்கும் அவன்தான். மதம் விட்டு மதம் கல்யாணம் செய்துகொண்ட பிள்ளைகள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, வாசலில் கொடியோடு போய் நிற்பார்கள். வீட்டுக்காரன் பயந்துபோய்ப் பிள்ளைகளின் சாமானைத் தெருவில் வைக்கும்வரை நிற்பார்கள். இதற்கு அவர்கள் வைத்த பெயர் அறப்போர். அந்த அறப்போருக்கு ஒரு சிரித்த முகம் தேவைப்பட்டது. மடி அக்காவிடம் அது வாடகைக்குக் கிடைத்தது.

அவளுக்கு அந்தக் கொள்கையில் நம்பிக்கை என்றுகூட நான் நினைக்கவில்லை. இருந்திருந்தால் ஒரு கோபத்தோடு இந்தக் கதையை முடித்துவிடலாம். போன வருஷம் மசாலாப் பொடிக்குச் சிரித்த அதே சிரிப்பைத்தான் இந்த வருஷம் அடுத்தவன் குடியைக் கெடுக்கச் சிரித்தாள். பொடியும் சேனையும் அவளுக்கு ஒன்றுதான். அதனால்தான் எனக்குக் கோபத்தைவிட அருவருப்பு அதிகமாக வருகிறது.

என் பக்கத்து வீட்டு அம்சவல்லிக்கு இந்த மேடை விஷயமெல்லாம் தெரியாது. கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து, மத்தியானம் அந்த நிகழ்ச்சியை மட்டும் பார்ப்பாள். அவள் மகன் லோகேஷ் கார் கம்பெனியில் வண்டி பூட்டுகிற லைனில் நிற்கிறான். கூட வேலை செய்கிற பிரவீனாவைத் தாயிடம் சொல்லாமலே ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டான். பிரவீனா வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிறவள். அம்சவல்லிக்கு வேதம்கூடப் பெரிதாகப் படவில்லை. தனக்குச் சொல்லவில்லை என்பதுதான் பற்றிக்கொண்டு வந்தது. "இந்த வாசப்படிய மிதிக்காதே" என்று சொல்லிவிட்டாள். அவனும் ரோஷக்காரன், மிதிக்கவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் லைன் வீடு ஒன்றில் குடியேறிவிட்டான். பொங்கல் வந்து போயிற்று. ஒரு போன் இல்லை.

ஒரகடம் கூட்ரோட்டில் ஷேர் ஆட்டோ ஏறினால் சோறு ஆறுவதற்குள் போய்விடலாம். ஆனால் போனால் தான் தோற்றதாக ஆகிவிடும் என்று இவளுக்கு. அதனால் டிவியில் அடியில் ஓடிய நம்பருக்குப் போன் போட்டாள். மடி அக்கா சேர்த்துவைப்பாள் என்று நம்பினாள்.

அக்கா பெரிய காரில் வந்து இறங்கினாள். "அம்மா!" என்று கட்டிக்கொண்டாள். உள்ளே வந்தவுடன் மூக்கைச் சுருக்கி, "இது என்ன வாசனை?" என்றாள்.

"கருவாட்டுக் கொழம்பு. சாப்புடுறியாம்மா?"

"ஊதுபத்தி இருந்தா ஏத்துங்களேன்."

தெருவே சன்னலில் தொங்கியது. கேமராவைப் போட்டார்கள். அம்சவல்லி மனசிலிருந்ததையெல்லாம் சொன்னாள். "என் புள்ளைய எங்கிட்டேர்ந்து பிரிச்சிட்டா" என்று சொல்லும்போது நிஜமாகவே அழுதாள்.

அக்கா கண் காட்டினாள். உதவிக்கு வந்திருந்த பெண் ஓடிவந்து அக்காவின் பட்டுப் புடவை மடிமேல் ஒரு வெள்ளைத் துண்டை விரித்தாள். நாலு ஓரமும் இழுத்துச் சரி பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அம்சவல்லியின் தலையை அதன்மேல் சாய்த்தார்கள். கேமராவில் துண்டு தெரியாமல் முந்தானையை மேலே போட்டுக்கொண்டாள் அக்கா. காலையில்தான் அம்சவல்லி எண்ணெய் தடவித் தலை வாரியிருந்தாள்.

"உங்க பையனை அவங்க மதம் மாத்திட்டாங்க, இல்லையாம்மா?" என்று தடவிக்கொண்டே கேட்டாள் அக்கா.

"யாரு மாத்தினா? அவன் பனியனையே மாத்த மாட்டான்."

சன்னலில் நாங்கள் சிரித்துவிட்டோம். அக்கா சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு இழுத்துட்டுப் போறாளாமே?"

"ஞாயித்துக்கிழமை அவனுக்கு ஓவர்டைமு. சம்பளத்த வுட்டுட்டு எந்தச் சாமிகிட்ட போவான் அவன்?"

"சரி, அதெல்லாம் வேணாம். பிரிச்சிட்டான்னு சொன்னீங்களே, அதை மட்டும் இன்னொரு தடவை. சத்தமா."

சொன்னாள் பாவம். 'கட்' என்று குரல் வந்ததும் மடி அக்கா எழுந்துவிட்டாள். அம்சவல்லியின் தலை மடியிலிருந்து நழுவிப் பாயில் இடித்தது. அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் போனில், "சேனையில சொல்லிடுங்க, அழுகை நல்லா வந்திருக்கு" என்றபடி காருக்குப் போனாள். எப்போது சேர்த்துவைப்பீர்கள் என்று கேட்க அம்சவல்லி எழுந்து வருவதற்குள் கார் தெருமுனை தாண்டிவிட்டது.

சனிக்கிழமை டிவியில் விளம்பரம் வந்தது. இவள் அழுகிற முகம். 'பிரிச்சிட்டா, பிரிச்சிட்டா' என்று எதிரொலி வைத்து நாலு தடவை. கீழே கொட்டை எழுத்தில், 'மதமாற்றக் கும்பலிடம் மகனைப் பறிகொடுத்த தாய்! நாளைக் காலை, மருமகள் வாசலில் அக்கா. நேரலை!' கூடவே சேனைக் கொடிகள். முன்பு எங்கோ ஒரு ஊரில் இவர்கள் வாசலில் நிற்க, ஒரு ஜோடி தலையில் மூட்டையோடு போகும் படத்தையும் சேர்த்துக் காட்டினார்கள்.

அம்சவல்லி என்னைப் பார்த்து, "இன்னாக்கா இது? சேத்து வெக்கத்தான நான் கூப்ட்டேன்?" என்றாள். அந்த நம்பருக்கு மறுபடி மறுபடி அடித்தாள். பாட்டுதான் பாடியது. மகன் நம்பருக்கு அடித்தாள். எடுக்கவில்லை.

ஞாயிறு விடிந்ததும் கருவாட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் கூட ஏறினேன். வழியெல்லாம் கம்பெனி பஸ்கள் முந்திக்கொண்டு போயின. இவள் ஒவ்வொரு வண்டியிலும் கொடி தெரிகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

பிரவீனா கதவைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது. உள்ளே பாதிச் சாமான் மூட்டையாகக் கிடந்தது.

"வாங்க அத்தை. அவர் நைட் ஷிப்ட் முடிச்சு இப்பதான் படுத்தாரு. நல்லா பேசியிருந்தீங்க டிவியில."

"இன்னாடி மூட்டை இது?"

"வீட்டுக்காரர் நேத்தே வந்துட்டாரு. மத்தியானத்துக்குள்ள காலி பண்ணணுமாம். உங்களுக்குச் சந்தோஷம்தான?"

அம்சவல்லி நேரே அடுப்படிக்குப் போனாள். "புளி எங்க வெச்சிக்கீற? அய்ய, இதுவா புளி? இத்தப் போட்டா கொழம்பு வெப்ப? என் புள்ள எளைச்சுப் போனது இதனாலதான்."

"உங்க புள்ளைதான் சமைக்கிறாரு. கேளுங்க அவரை."

சத்தத்தில் லோகேஷ் எழுந்து வந்தான். அம்மாவைப் பார்த்தான், மூட்டையைப் பார்த்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் வெளியே கோஷம் கேட்டது.

கொடியோடு ஒரு கூட்டம். நடுவில் காவிப் பட்டில் மடி அக்கா, கேமராவைப் பார்த்துக் குரல் நடுங்கப் பேசிக்கொண்டிருந்தாள். உதவிப் பெண் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நின்றாள். யாராவது அழுதால் விரிக்க வேண்டுமே! வீட்டுக்காரர் ரகுபதி வேர்த்து விறுவிறுத்து ஓரமாக நின்றார். லைன் வீட்டு ஜனமெல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது.

கதவைத் திறந்துகொண்டு, கையில் கரண்டியோடு வெளியே வந்தது அம்சவல்லி.

அக்கா ஒரு அடி பின்னால் போனாள். உடனே சுதாரித்தாள். "அம்மா! நீங்களா! உங்களையும் கடத்திட்டாங்களா?"

"ஆமா, ஷேர் ஆட்டோல கடத்தினாங்க. காசு குடுத்து நானே ஏறிக் குந்திக்கினேன்."

"பயப்படாதீங்கம்மா. மிரட்டினாங்கன்னு சொல்லுங்க. நாடே பாக்குது."

"நாடே பாக்குதா? நல்லதாப் போச்சு." கேமராப் பக்கம் திரும்பினாள். "இவ என் மருமவ. புளி வாங்கத் தெரியாது, மாமியாருக்கு போன் பண்ணத் தெரியாது. நான் திட்டுவேன். எட்டு வூட்டுக்குக் கேக்குற மாதிரி திட்டுவேன். அவளத் திட்ட நீ யாருடீ?"

அதற்கப்புறம் அவள் சொன்னதை நான் இங்கே எழுத முடியாது, கண்ணுங்களா. எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வரும்போது கேட்டிருந்தால் உங்களுக்கே தெரியும். அழுகையைப் பிடித்துவைத்து வேண்டியதை வெட்டிப் போடுகிறவர்கள், அன்றைக்கு நேரலை என்று வேறு போட்டுக்கொண்டார்கள். வெட்ட முடியவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

திட்டி முடித்து, உதவிப் பெண்ணின் தோளிலிருந்த துண்டை உருவி எடுத்தாள். கேமராவுக்கு முன்னால் விரித்துப் பிடித்தாள்.

"தோ பாருங்க, அக்கா மடி! என் தல எண்ணெ பட்டாப் பட்டுப் பொடவ கெட்டுடும்னு இத்த விரிச்சித்தான் என்னப் படுக்க வெச்சா. அம்மான்னு கூப்ட்ட வாயி! என் தலையத் தொடக் கூசுறவ என் குலத்தக் காக்க வந்துட்டா!"

லைன் வீட்டுப் பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். சேனைக்காரர்களிலேயே ரெண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். மடி அக்கா கையால் கேமராவை மூடப் பார்த்தாள். அம்சவல்லி அதற்குள் ரகுபதியிடம் திரும்பிவிட்டாள்.

"ஏன்யா, என் புள்ளைங்கள மத்தியானத்துக்குள்ள காலி பண்ணச் சொன்னியாமே? நாடே பாக்குது, சொல்லு."

ரகுபதி கேமராவைப் பார்த்தார், சிரிக்கிற பெண்களைப் பார்த்தார். "நானா? எப்போ? சேச்சே, நல்ல பசங்க, இருக்கட்டும்" என்றார். அந்த இடத்தில் விளம்பரம் போட்டுவிட்டார்களாம். அதே மசாலாப் பொடி.

சாருலதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெற்ற தாயையே மிரட்டிப் பேசவைத்துவிட்டார்கள் என்று மறுநாளே வேறொரு மேடையில் கண்ணீர் விட்டாள். சேனையில் பதவி கொடுத்திருக்கிறார்களாம். இவளைப் போன்றவர்களுக்கு வெட்கத்தால் எந்த வேலையும் கெட்டுப்போவதில்லை. நம் வீட்டு அழுகை இருக்கிறவரை அவர்களுக்குத் தொழில் நடக்கும். அந்த அழுகையை எடுத்துக்கொண்டுபோய் யாரிடம் கொடுக்கிறோம் என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

அன்றைக்கு அவர்கள் போன பிறகு மூட்டைகளை அவிழ்த்தோம். லோகேஷ் புளி வாங்கக் கடைக்குப் போனான். அடுப்பில் குழம்பு கொதித்தது. சட்டியை இறக்கத் துணி தேடிய அம்சவல்லி, தன் தோளிலேயே தங்கிவிட்ட அக்காவின் வெள்ளைத் துண்டை எடுத்தாள்.

"அத்தை, அது நல்ல துண்டு. கறையாயிடும்" என்றாள் பிரவீனா.

"ஆவட்டும்டி. நீ தட்டு எடு."