ராஜம்மாள் கொல்லையில் முளைத்த கம்பெனி

ஆடி பதினெட்டாம் தேதி காலை, பனமலை சாலையை ஒட்டிய ராஜம்மாளின் கடலைக்கொல்லையில் ஓர் இரும்புக் கம்பெனி முளைத்திருந்தது. ஷட்டரும் தகரக் கூரையும் இருந்தன. உரிமையாளர் என்று ராஜம்மாள் பெயரே போர்டில் இருந்தது. வேலை செய்ய ஆள் மட்டும் இல்லை. பத்து மணிக்குத் தபால்காரர் நோட்டீஸ் கொண்டுவந்தார். அந்தக் கம்பெனி நாற்பது லட்சம் ஜிஎஸ்டி கட்டவில்லையாம், முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டுமாம். நூறு நாள் வேலைக்குப் போகும் ராஜம்மாள் பயந்துபோய் அதைத் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். பதில் போகாத ஒவ்வொரு வாரமும் கம்பெனிக்கு ஒரு மாடி கூடியது. மூன்றாம் மாடியின் நிழலில் கடலைச்செடி வெளுத்தது. இருபதாயிரம் கொடுத்தால் வரி ஆபீஸில் சொல்லி முடித்துத் தருவதாக ஒரு புரோக்கர் வந்தான். அவள் கம்மலைக் கழற்றும்போது புருஷன் கன்னியப்பன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இவனுக்கு இன்னா தெரியும்? வக்கீலாண்ட போலாம் வா."

செஞ்சியில் வரி வழக்குகள் பார்க்கும் வக்கீல் பிரம்மி நோட்டீஸை இரண்டு முறை படித்தாள்.

"ஆதார், பான் ஜெராக்ஸ் யாருக்காவது குடுத்தீங்களாம்மா?"

"லோன் வாங்கித் தரேன்னு ஒருத்தன் வந்தான். போட்டோ கூட புடிச்சான்."

"அவன் வேலைதான் இது, உங்க பேர்ல கம்பெனி பதிவு பண்ணிட்டான். நீங்க எதுவும் கட்ட வேணாம். ஆனா பதில் சொல்லாம உட்டா, ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். இன்னும் ஆறு நாள் இருக்குது."

"கம்பெனி நெஜமாவே நிக்குதும்மா."

"நிக்கட்டும். உங்களுது இல்லன்னு எழுதுவோம்."

போலீஸில் புகார் கொடுத்த அன்று மூன்றாம் மாடி இல்லை. பதில் போன அன்று இரண்டாவதும் போனது. விசாரணைக்கு வந்த அதிகாரி, கம்பெனிச் சுவரில் காகிதத்தை வைத்து, இந்த முகவரியில் கம்பெனி எதுவும் இல்லை என்று பொறுமையாக எழுதினார். எழுதி முடித்ததும் சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லாமல் சற்றுத் தடுமாறினார். கார்த்திகையில் பதிவை ரத்து செய்த உத்தரவு வந்தது. அன்று ராஜம்மாள் ஒரு குண்டான் பச்சைக் கடலையை அவித்து, தெருவுக்கெல்லாம் கொடுத்து, பிரம்மிக்கும் தூக்குவாளியில் கொண்டுபோனாள். ஆபீஸில் காத்திருந்தவர்களும் ஆளுக்கொரு பிடி எடுத்துக்கொண்டார்கள்.

சாலையோரம் நான்கு தூண்களும் முன்பக்கக் கூரையும் மட்டும் ஏனோ போகவில்லை. வெயிலுக்கும் மழைக்கும் ஜனங்கள் அதில் நிற்கிறார்கள். பஸ் அங்கே நிற்கிறது. "கம்பெனி ஸ்டாப்பிங் எறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுக்கிறார். விழுப்புரத்திலிருந்து அதற்குத் தனி டிக்கெட்டும் இருக்கிறது.