பாத பூஜையில் இருந்தவர்கள்

காலை எட்டு மணிக்கு போன் வந்தது. "ஜெயமணிங்களா? உங்களுக்கு பாசிட்டிவ்" என்று செவிலியர் சுசித்ரா சொன்னபோது குடத்தோடு குழாயடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ஒன்பதரைக்கு ஆம்புலன்ஸ் வரும், துணி எடுத்து வையுங்கள், இந்த ஒரு வாரத்தில் யார் யார் பக்கத்தில் இருந்தீர்கள் என்று யோசித்து வையுங்கள், நான் வந்து எழுதிக்கொள்கிறேன் என்றாள். எனக்கு என்னைப் பற்றிப் பயம் வரவில்லை. மூன்றாவது வீட்டு லாவண்யாவின் பிள்ளை சுமக்கும் வயிறுதான் கண் முன்னால் வந்து நின்றது.

ஐந்து நாளைக்கு முன்னால்தான் எங்கள் ஊராட்சித் தலைவர் ராஜசேகர், குப்பை அள்ளுகிற எங்கள் ஆறு பேருக்கும் பாத பூஜை செய்தார். நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. நான் மார்ச்சிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது கையுறை. வெளியூரிலிருந்து வந்தவர்களைத் தங்கவைத்திருந்த கல்யாண மண்டபத்துக் குப்பையை வெறுங்கையால்தான் அள்ளினேன். கையுறை வரவில்லை, சாமந்தி மாலை வந்தது. எங்கள் தெருமுனை பஸ் ஸ்டாப்பில் 'கொரோனா இல்லாத ஊராட்சி' என்று அவர் கை கூப்பிச் சிரிக்கிற பேனருக்குக் கீழே ஆறு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். "மாஸ்க்க எறக்கு ஜெயமணி, வீடியோல மொகம் தெரிய வேணாமா?" என்றார். அவரும் இறக்கிக்கொண்டார். என் காலைத் தாம்பாளத்தில் வைத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துண்டால் ஒற்றி, அந்தத் தண்ணீரில் இரண்டு சொட்டு எடுத்துத் தன் உச்சந்தலையில் தெளித்துக்கொண்டார். மாடிகளில் நின்று ஜனம் கை தட்டியது. இருபது வருஷமாக அந்த வீதியில் வண்டி தள்ளுகிறேன், ஒருத்தரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதற்குப் பொய் சொல்ல வேண்டும், அன்றைக்கு அழுதுவிட்டேன்.

அந்த அழுகையில்தான் புத்தி கெட்டுப்போனது. என்னோடு வேலை செய்கிற சம்பங்கியின் மகள் லாவண்யா, பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருப்பவள், எட்டு மாதம், அங்கே கொடுத்த அரிசிப் பையை வாங்க வந்து ஓரமாக நின்றிருந்தாள். என் கழுத்து மாலையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டேன். இரண்டு கன்னத்தையும் வழித்து, என் நெற்றிப் பொட்டில் வைத்துச் சொடுக்கு எடுத்தேன். "போதும் விடு அத்த, வெக்கமா இருக்குது" என்று சிரித்தாள். அந்த மாலையைத் தூக்கிப் போட மனசில்லாமல் தன் வீட்டு வாசல் நிலையில் ஆணி அடித்து மாட்டிவிட்டாள். மறுநாள் சாயந்திரம் எனக்குக் காய்ச்சல், முந்தாநாள் வந்து சளி எடுத்துப் போனார்கள்.

ஒன்பது மணிக்குத் தலைவரின் புல்லட் வந்தது. பின்னால் அவருடைய ஆள் பிரதாப். வாசலிலிருந்து பத்தடி தள்ளி நிறுத்தி, முதலில் இரண்டு பேரும் தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டார்கள். இந்தக் கிழவிக்கு விவரம் பத்தாது, சொன்னால் கேட்டுக்கொள்வாள் என்று பேச்சு. எனக்குத் தெலுங்கு புரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. ஓசூர்ப் பக்கம் பிறந்தவளுக்குத் தெலுங்கும் கன்னடமும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஜெயமணி, நர்சு வந்து கேட்டா, தங்கச்சியப் பாக்க மாலூர் போயிட்டு வந்தன்னு சொல்லிடு. அங்க ஒட்டிக்கிச்சின்னு முடிச்சிக்கலாம்."

"நான் எங்க தலைவரே போனன்? கர்நாடகா பார்டரு மூடிக் கெடக்குது."

"வயக்காட்டு வழியா போறவங்க இல்லியா? பூஜ விஷயத்த மட்டும் எடுக்காத. எடுத்தா ஊரையே மூடுவாங்க. கம்பெனி பஸ்சு உள்ள வராது. இப்பத்தான் நாலு பேரு வேலைக்கிப் போறாங்க, அதுல உம் மவனும் ஒருத்தன்."

"லாவண்யா பேர மட்டும் சொல்லிடறன்."

"எங்க பாத்தன்னு கேப்பாங்க இல்ல? அந்தப் புள்ளைக்கி ஒண்ணும் ஆவாது. உன் வேலைய நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதிக் குடுத்திருக்கறன். யோசிச்சிக்க."

நியாயமாகத்தான் பேசினார். என் மகன் ஜெகதீஷ் மூன்று மாதம் வீட்டில் சும்மா கிடந்து, போன திங்கள்கிழமைதான் கம்பெனிக்குப் போக ஆரம்பித்திருந்தான். இப்போது உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஒரு பொய்தானே, சொல்லிவிட்டுப் போனால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், மறைக்கவில்லை. எதிர் வரிசை மாடிகளில் ஆள் கூடிவிட்டது. அன்றைக்குக் கை தட்டிய அதே மாடிகள். "குப்ப அள்றவதான் கொண்டாந்துட்டா" என்று ஒரு குரல். மூன்றாவது வீட்டு வாசலில் சம்பங்கி நின்றாள். அவளுக்குப் பின்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு லாவண்யா இரண்டு தடவை இருமினாள். தூசியாக இருக்கலாம்.

சுசித்ரா ஆம்புலன்ஸோடு வந்தாள். தலை முதல் கால் வரை நீல உடை, உள்ளே வேர்த்துக் கொட்டியது. அட்டையில் காகிதத்தை வைத்துக்கொண்டு, "சொல்லுங்கக்கா, யார் யாரு?" என்றாள். கேட்டது என்னை, கண் போனது தலைவர் பக்கம்.

"இங்க பாருங்க மேடம். நோவு எனக்குத்தான்."

திரும்பினாள்.

"பாத பூஜ நடந்துச்சே, அங்க இருந்தவங்க பேரெல்லாம் எழுதுங்க. மொதல்ல லாவண்யா. எட்டு மாசம். மால போட்டு மொகத்தத் தடவுனன், மாஸ்க் இல்ல. அவள இன்னிக்கே பாருங்க. அப்புறம் வீட்ல எம் மவன், என்கூட உக்காந்த அஞ்சு பேரு. அப்புறம் கால் கழுவுனவரு. கழுவுன தண்ணிய தலைல தெளிச்சிக்கினாரு."

"பேரு?"

"தெருமுன பேனர்ல பெருசா போட்டிருக்குது, பாத்து எழுதிக்கங்க."

பேனா ஓட ஆரம்பித்தது. தலைவரின் வலது கை மெல்ல மேலே போய், உச்சந்தலையைத் தொட்டு, அங்கேயே நின்றது. பிரதாப் அவரிடமிருந்து இரண்டடி நகர்ந்தான்.

ஜெகதீஷ் பையைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். மூன்றாவது வீட்டைத் தாண்டும்போது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். லாவண்யாவை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தியிருந்தார்கள். சம்பங்கி ஒரு நீளக் குச்சியால் ஆணியிலிருந்து அந்தக் காய்ந்த மாலையை எடுத்து, கையை எட்ட நீட்டிப் பிடித்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் தெருவைப் பார்த்தாள். பின்னால், எங்கள் வாசலோரம் என் தள்ளுவண்டி காலியாக நின்றிருந்தது.