வயிறு புடைத்த கிட்டார்

“என் கண் முன்னாலயே உள்ள பாத்துச் சொல்லுங்கக்கா.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று பஸ் ஏறியதிலிருந்து மூன்று முறை சொல்லியிருந்தார் அப்பா. வேலை தெரிந்தவரிடம் ‘என் கண் முன்னால் பார்’ என்பது, ‘உன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை’ என்று முகத்துக்கு நேராகச் சொல்வதற்குச் சமமாம். முப்பது வருடமாகக் குழாய் வேலை பார்க்கிறவர் அவர். வீட்டுக்காரர் யாராவது தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, “நீங்களே முடிச்சுக்குங்க சார்” என்று நகர்ந்துவிடுவார்.

மகள் என்றைக்குச் சொன்னதைக் கேட்டாள்? வம்சத்திலேயே முதல் டிகிரி அவளுடையது. டிகிரியோடு வாயும் சேர்ந்து வந்துவிட்டது என்பது அப்பாவின் நிரந்தரக் குறை.

கடை என்பது ஒரு நீள அறை. கூரைக் கம்பியில் கழுத்து மாட்டித் தொங்கும் கிட்டார்கள். மூலையில் ஒரு பேசின். அதன் குழாய் சொட்டு சொட்டென்று கீழே வைத்த வாளியை நிரப்பிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததுமே அப்பாவின் காது அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. தொழில் விடுமா?

மேசைமேல் கிடந்தது அவள் கிட்டார். அவளைவிட மூத்தது, ஒட்டுப்பலகையில் செய்தது, செய்யும்போதே மலிவு. பாத்ரூம் வேலை பார்க்கப் போன வீட்டில் தூக்கிப்போட இருந்ததை அப்பாதான் கேட்டு வாங்கி வந்தார். இப்போது அதன் மேல்பலகை சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுத்தவர் வயிறுபோல் புடைத்திருந்தது. கம்பிக்கு அடியில் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது.

ரிப்பேர்க்கார அக்கா, வயது நாற்பதுக்கு மேல், காதில் பென்சில், கிட்டாரை வெளியே மட்டும் பார்த்தே தீர்ப்பு எழுதிவிட்டிருந்தார். “இதைச் சரி பண்ற செலவுல புதுசே ரெண்டு வாங்கலாம்மா. சுவத்துல மாட்டி அழகு பாரு.”

“அதேதான்! அப்பா புதுசு வாங்கித் தர்றேன், பாப்பா. வா, போலாம்” என்று அப்பா அதற்குள் கிட்டார் பையின் ஜிப்பை இழுத்தார்.

ஒரு துண்டு சோப்பு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிற மனுஷன். அந்த அவசரம்தான் அவளை உறுத்தியது. அதனால்தான் கேட்கக்கூடாததைக் கேட்டாள்.

அக்கா கோபிக்கவில்லை. “கேக்க ஆள் வராதான்னுதான் இருக்கேன்” என்று, பல் டாக்டரிடம் இருக்குமே அதுபோல நீளக் காம்பு வைத்த கண்ணாடியையும் ஒரு குட்டி விளக்கையும் எடுத்து, கிட்டார் ஓட்டைக்குள் விட்டார். அப்பா குழாயடிக்குப் போய் நின்றுகொண்டார்.

“ஏம்மா, இது எப்படிக் கெட்டுதுன்னு நினைக்கிற?”

“நான்தான்க்கா. கம்பியை ஓவரா முறுக்கிட்டேன். டிகிரி பரீட்சைக்கு இருபது நாள் முன்னாடி. அதுலேருந்து எதையும் திருகவே மாட்டேன்.”

“நீ முறுக்கி இது புடைக்கல. இங்க பாரு.”

கண்ணாடியில் தெரிந்தது. மேல்பலகையை அடியிலிருந்து தாங்குகிற குறுக்குச் சட்டம் நடுவில் இரண்டாக நின்றது. முறிந்திருந்தால் சிராய் சிராயாக இருக்கும். இது வெண்ணெயை வெட்டியதுபோல் இருந்தது. வெட்டின் மேல் கெட்டியாக உறைந்த ஒரு கட்டி.

“ரம்பம் போட்டு அறுத்திருக்காங்க, ஹாக்சா பிளேடு” என்றார் அக்கா. “அப்புறம் பாவம் பாத்து ஒட்டியும் பாத்திருக்காங்க. என்ன பசை இது? மரப்பசை இல்லையே… பிளாஸ்டிக் பைப் ஒட்டுறது! இது மரத்துல எங்க நிக்கும்? பிள்ளையைக் கிள்ளிட்டுத் தொட்டிலை ஆட்டின கதையா இருக்கு. உங்க வீட்டுல யாரு குழாய் வேலை பாக்குறவங்க?”

குழாயடியில், திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் ஓர் உருவம் நின்றது.

“அப்பா.”

“வாஷர் தேஞ்சிருக்கு, பாப்பா. அதான் சொட்டுது.”

“அப்பா!”

“பின்ன என்ன பண்ணச் சொல்ற?” அப்பா திரும்பினார். “மூணு தலைமுறையா கைநாட்டு. இருபது நாள்ல பரீட்சை. நீ ஒரே பாட்டை நூறு தரம் தப்புத் தப்பா வாசிக்கிற. பக்கத்து வீட்டு நாயே கூட அழுதுச்சு. பூட்டி வச்சா உடைச்சிருப்ப. ஒரு சட்டம்தான், பரீட்சை முடிஞ்சதும் ஒட்டிடலாம்னு பாத்தேன். பசை கைவிட்டுருச்சு.”

“பசையா கைவிட்டுச்சு? அஞ்சு வருஷம், நான்தான் உடைச்சேன்னு நான் அழுறப்ப, ‘போகட்டும் விடு’ன்னு பெருந்தன்மையா தலையைத் தடவினீங்களே, அது யாரு?”

“பாஸ் பண்ணினியா இல்லையா?”

“பண்ணினேன். எதால? என் மூளையாலயா, உங்க ரம்பத்தாலயா?”

அப்பா வாயைத் திறந்தார். அந்த டிகிரியை பஸ் கண்டக்டரிடம்கூடப் பீற்றிக்கொண்டவர். வாளியில் இரண்டு சொட்டு விழுந்தது.

“…மூளையாலதான்” என்றார் கடைசியில், மென்று விழுங்கி.

“அக்கா, ரிப்பேர் பண்ணுங்க.”

“பெறாதும்மா இது. சட்டம் புதுசா போடணும், வயித்தை அமுக்கணும். எவ்வளவு பண்ணினாலும் மலிவு மலிவுதான்.”

“இருக்கட்டும். செலவு என்னோடது. இது தானா கெடல, நானும் கெடுக்கல. ரம்பம் போடலைன்னா எப்படி வாசிச்சிருப்பேன்னு எனக்குக் கேக்கணும். நாய் அழுதா அழட்டும்.”

அக்கா பென்சிலைக் காதிலிருந்து எடுத்து ரசீது எழுதினார். அப்பா வேட்டி நுனியைச் சரிசெய்தபடி, “அப்ப கோபம் போயிடுச்சா, பாப்பா?” என்றார்.

“உங்க குழாய் எத்தனை நாளா சொட்டுதுக்கா?”

“ஆறு மாசம். ஒருத்தனும் வரமாட்டேங்குறான். ஈரத்துல பலகையெல்லாம் கெடுது.”

“அப்பா இப்பவே பாப்பார். சட்டைப் பையில எப்பவும் ஸ்பேனர் இருக்கும்.” அப்பாவின் முகம் மலர்ந்தது. “ஒரே ஒரு கண்டிஷன்க்கா. நீங்க பக்கத்துல உக்காந்து, ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் கண் கொட்டாம பாக்கணும்.”

“அடியேய்! அதெப்படிடீ…”

அவள் ரசீதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினாள். படியிறங்கும்போது பின்னால், பேசின் பக்கமாக, ஒரு ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது.