வழிதப்பி வந்த புழு

கேதீஸ்வரியின் முகத்தில் ஏதோ ஒன்று இடம் மாறிக்கொண்டிருந்தது. முதலில் இடது தாடையோரம் ஒரு சின்ன வீக்கம் வந்தது. கொஞ்சம் அரித்தது; பெரிதாக நோகவில்லை. சில நாட்களில் தானாகவே வற்றிப்போனது. பிறகு கன்னத்து எலும்பின் மேல் ஒன்று வந்து, அதுவும் போனது. இப்போது புருவத்துக்கு மேலே.

"நுளம்பு கடிச்சிருக்கும்," என்றான் கணவன் உதயரூபன். வீடுகளுக்கு வயறிங் செய்கிறவன். எதற்கும் எளிதான காரணம் ஒன்று இருக்கும் என்று நம்புகிறவன்.

"நுளம்பு கடிச்சா கடிச்ச இடந்தானே வீங்கும்? இது நடக்குதுங்க."

"வீக்கம் எங்கயாவது நடக்குமா கேதீஸ்?"

மருந்துக்கடையில் கேட்டு ஒவ்வாமைக் குளிசை வாங்கிப் போட்டாள். அரிப்பு அடங்கியது. ஆனால் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம், இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று விரலால் தடவித் தேடுவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. பயம் இருந்ததுதான். அதைவிட, இது என்ன என்று அறிகிற ஆவல் கூடுதலாக இருந்தது.

ஆரையம்பதியிலும் சுற்று ஊர்களிலும் பெண்களுக்கு ஸ்கூட்டி ஓடப் பழக்குவது கேதீஸ்வரியின் தொழில். வாவிக்கரையை ஒட்டிய வெறுங்காணி ஒன்றுதான் பழக்கும் இடம். அந்த மாதம் அவளிடம் வந்தவர்களில் ஒருத்தி ரிப்கா. காத்தான்குடிப் பிள்ளை, பட்டணத்து ஆஸ்பத்திரியில் கண் வாட்டில் டொக்டர். பேச்சில் துணிச்சல்காரி. ஸ்கூட்டியில் ஏறினால் மட்டும் இரண்டு கையும் நடுங்கும். எப்போதும் முன்சில்லையே குனிந்து பார்த்துக்கொண்டு ஓடுவாள். ஓடி நேராகப் பற்றைக்குள் போய் விழுவாள்.

"சில்லப் பாத்தா சில்லு போற பக்கந்தான் நீங்களும் போவீங்க," என்று ஒரு நாள் காலையில் கேதீஸ்வரி சொன்னாள். "நான் முன்னுக்கு நிக்கிறன். என்ர முகத்தையே பாத்துக்கொண்டு வாங்க. வேற ஒண்டையும் பாக்க வேணாம்."

"உங்கள இடிச்சிட்டா?"

"இடிக்க மாட்டீங்க. வாங்க தங்கச்சி."

காணியின் மறு தலைப்பில் போய் நின்றுகொண்டாள். ரிப்கா மெதுவாக வந்தாள். முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி, கேதீஸ்வரியின் முகத்தைப் பார்த்தபடியே, ஆடாமல் வந்தாள். கிட்ட வந்ததும் அழகாகப் பிறேக் பிடித்து நின்றாள். பாராட்டக் கேதீஸ்வரி வாயைத் திறந்தாள்.

"அசையாதீங்க அக்கா," என்றாள் ரிப்கா. "இடக் கண்ண அசைக்காதீங்க."

"ஏன், தூசு விழுந்திருக்கா?"

ரிப்கா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு இறங்கிக் கிட்டே வந்தாள். வெள்ளை விழியின் மேல், மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழியின் ஓரம் வரைக்கும், ஒரு வெள்ளை நூல் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நூல் வளைந்தது. நெளிந்து, முன்னுக்கு இழுத்து, மறுபடியும் வளைந்தது. விழியை மூடியிருக்கும் மெல்லிய தோலுக்கு அடியில் அது போய்க்கொண்டிருந்தது. படிக்கிற காலத்தில் புத்தகத்தில் ஒரு படமாக மட்டும் ரிப்கா அதைக் கண்டிருக்கிறாள்.

கைபேசியை எடுத்து வீடியோ பிடித்தாள். ஸ்கூட்டியின் கைப்பிடியில் நடுங்கிய கை இப்போது நடுங்கவில்லை.

"இதப் பாருங்க. ஆனா கண்ணக் கசக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

கேதீஸ்வரி பார்த்தாள். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஒரு கூச்சம் ஓடியது. கை தானாகக் கண்ணுக்குப் போனது. ரிப்கா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உயிரோடயா இரிக்கு?"

"ஓம் அக்கா. புழு."

"திரும்பக் காட்டுங்க."

மூன்று தரம் பார்த்தாள். மூன்றாம் தரம் அவள் முகத்தில் வேறு ஒரு உணர்ச்சி வந்தது. "அப்ப நான் சொன்னது சரிதான். நடக்குது, நடக்குது எண்டு அந்த மனிசனுக்கு எத்தின தரம் சொன்னன்!"

ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியில் கேதீஸ்வரி கணவனுக்கு அழைத்தாள். "இஞ்சாருங்க, ஆள் பிடிபட்டிட்டார். கண்ணுக்குள்ள நிக்கிறார். வாட்டுக்கு வாங்க." மறுபக்கத்தில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரிப்கா போனை வாங்கி, பொறுமையாக விளங்கப்படுத்தினாள்.

ஆனால் வாட்டுக்குப் போய், கண் சத்திரசிகிச்சை நிபுணர் யசோதினி கருவியின் வெளிச்சத்தில் கண்ணை மேலும் கீழும் பார்த்தபோது புழு இல்லை. கண் கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

"நல்ல வேளை, வீடியோ எடுத்தீங்க ரிப்கா," என்றார் அவர்.

"உள்ளுக்குப் போயிட்டா டொக்டர்?" என்று கேட்டாள் கேதீஸ்வரி. அவள் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது. "பார்வை போயிடுமா?"

"கண்ணுக்குள்ள பாத்தன். உள்ள ஒண்டுமில்ல, சுத்தமா இருக்கு. இமைக்குப் பின்பக்கம் எங்கயோ ஒளிச்சு நிக்குது. எங்க நிக்குது எண்டு தெரியாம வெட்டேலாது. திரும்ப வரும். இருங்க, பாப்பம்."

இரத்தம் எடுத்தார்கள். கேதீஸ்வரி கட்டிலில் இருந்தாள். உதயரூபன் சட்டைப் பையில் டெஸ்ரரோடு, கைகளில் சீமெந்துத் தூசோடு வந்து சேர்ந்தான். வீடியோவை நீட்டினாள். ஒரு கணம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீ விளையாட்டுக்குச் சொன்ன பகிடி எண்டு நினைச்சன் கேதீஸ்."

"பரவாயில்ல. இப்ப வீக்கம் நடக்கும் எண்டு ஒத்துக்கொள்ளுறீங்களா?"

அவன் தலையாட்டினான். அவளுடைய வலப்பக்கமாகப் போய் இருந்துகொண்டான். இடது கண்ணைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மதியம் கழிந்து ரிப்கா இரத்தப் பரிசோதனை முடிவோடு வந்தாள். கேதீஸ்வரி காலையிலிருந்து யோசித்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள்.

"தங்கச்சி, உடம்புக்குள்ள வேற ஆள் வந்தா உடம்புக்குத் தெரியாதா? என்ர உடம்பு ஒரு மாசமாச் சும்மாவா இருந்தது?"

"சும்மா இருக்கல்ல அக்கா. இந்தா பாருங்க. இயோசினோபில் எண்டு ஒரு வகை வெண்குழியம். புழு வந்தா முன்னுக்கு ஓடி வாறது இதுதான். உங்களுக்குக் கூடியிரிக்கி."

"ஓடி வந்தும் ஏன் பிடிக்கல்ல?"

"அது ஒரு இடத்தில நிண்டாத்தானே பிடிக்கிறதுக்கு? உங்கட ஆக்கள் கூடி வாறதுக்குள்ள அது அடுத்த இடத்துக்குப் போயிரும். புழுக்கள் சில சாமான்கள உடம்புக்குள்ள கசிய விடும். அது உங்கட ஆக்களக் கொஞ்சம் மந்தமாக்கிப் போடும். எண்டாலும் அவங்க விடல்ல. தாடை, கன்னம், புருவம் எண்டு பின்னால கலைச்சிக்கொண்டே வந்திரிக்காங்க."

கேதீஸ்வரி முடிவுத் தாளை வாங்கிப் பார்த்தாள். "அப்ப வீங்கினது?"

"புழு நூலளவு தடிப்புத்தானே. அது வீக்கம் காட்டாது. வீங்கினது உங்கட உடம்பு செஞ்ச வேல."

கேதீஸ்வரி புருவத்துக்கு மேலே தடவிப் பார்த்தாள். ஒரு மாதமாகப் பகை என்று நினைத்துத் தடவிய இடம். அங்கே தன்னுடைய காவல்காரர்கள்தான் கூடி நின்றார்கள் என்று நினைக்க அவளுக்கு வியப்பாக இருந்தது. குளிசை போட்டு அடக்கியது அவர்களையா என்றும் யோசித்தாள்.

அப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதே இடது கண்ணின் மூலையில் ஒரு கூச்சம். யாரோ ஈர நூலை மெதுவாக இழுப்பது போல.

"வந்திட்டார்," என்றாள், தலையை அசைக்காமல்.

ரிப்கா குனிந்து பார்த்தாள். உடனே ஓடினாள்.

கண்ணில் விறைப்பு மருந்து விட்டார்கள். சின்னதாக ஒரு ஊசியும் போட்டார்கள். கேதீஸ்வரிக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிந்தன. நோவு இல்லை, ஏதோ தொடுவது தெரிந்தது. டொக்டர் யசோதினி விழியின் தோலில் சிறிதாகத் திறந்து, புழுவின் நடுப்பகுதியைப் பிடித்து, இழுக்காமல் இழுத்தார். அவசரப்பட்டால் அறுந்துவிடும். அறுந்து துண்டு உள்ளே தங்கினால் உடம்பு அந்தத் துண்டோடு மூர்க்கமாகச் சண்டை பிடிக்கும். கண்தான் அந்தச் சண்டைக்குக் களமாகும்.

"முழுசா வந்திட்டு," என்றார் டொக்டர்.

"கட்டுப் போட முதல் எனக்குக் காட்டுங்க."

உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை வலக் கண்ணுக்கு நேரே ரிப்கா பிடித்தாள். விரலைவிட நீளமான வெள்ளை நூல் ஒன்று சுருண்டு, அவிழ்ந்து, மறுபடியும் சுருண்டுகொண்டிருந்தது.

"இவ்வளவு நீட்டா?" என்றாள் கேதீஸ்வரி. "இந்த முகத்துக்குள்ளயா இவர் இருந்தவர்?"

வெளியே உதயரூபனிடமும் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே "நல்லம், நல்லம்" என்றான்.

கட்டு அவிழ்த்த பிறகும் கண் கொஞ்சக் காலம் சிவந்திருந்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. புழுவை மருத்துவபீடத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். பார்க்க வேண்டும் என்று கேதீஸ்வரி விடாமல் கேட்டதால் ரிப்கா அனுமதி வாங்கி அவளை அங்கே கூட்டிப்போனாள்.

நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்ததும் கேதீஸ்வரி மூச்சை உள்ளிழுத்தாள். வெறும் நூல் என்று நினைத்ததன் தோலில் நீளநீளமாக வரம்புகள், வரி தவறாமல். "உழுது விட்ட வயல் வட்டை மாதிரிக் கிடக்கே!"

"அந்த வரிய வச்சித்தான் என்ன சாதி எண்டு பிடிக்கிற," என்றாள் ரிப்கா. "இது நாய்ப் புழு அக்கா. யானைக்கால் புழுவுக்குச் சொந்தக்காரர். நாயிட இரத்தத்த நுளம்பு குடிக்கக்குள்ள இதிட குஞ்சும் அதுக்குள்ள போயிரும். மறுகா அந்த நுளம்பு ஆளக் கடிச்சா ஆளுக்குள்ள வந்திரும்."

"நுளம்பா? அப்ப அந்த மனிசன் சொன்னதும் சரியாப் போச்சு!"

ரிப்கா சிரித்தாள். "நாய்க்குள்ள எண்டா அதுக்கு எங்க போகணும், எங்க தங்கணும் எல்லாம் தெரியும். மனிசர்ர உடம்பு அதுக்கு வழி தெரியாத ஊர். அதுதான் இப்பிடி அலைஞ்சு திரிஞ்சிரிக்கி. இது பெட்டைப் புழு. தனி ஆள். குட்டி போடவும் வழியில்ல."

"பாவம்," என்றாள் கேதீஸ்வரி. சொன்ன பிறகு தனக்கே வெட்கமாக இருந்தது.

"இன்னொண்டு சொல்லவா? இந்தப் புழுவுக்குள்ளயும் ஒரு பக்டீரியா குடியிரிக்கி. அது இல்லாட்டி இது பெருகவே ஏலா."

"அப்ப எனக்குள்ள புழு. புழுவுக்குள்ள கிருமி. கிருமிக்குள்ள?"

"சில கிருமிக்குள்ள வைரஸும் இரிக்கி. இதுக்குள்ள இரிக்கா எண்டு எனக்குத் தெரியா அக்கா. தேடிப் பாத்துச் சொல்றன்."

கேதீஸ்வரி மறுபடியும் குனிந்தாள். வரம்புகளுக்கு அடியில் அந்தக் கிருமி தெரியுமா என்று பார்த்தாள். தெரியவில்லை.

"வீட்டில நாய் இரிக்கா?" என்று ரிப்கா கேட்டாள்.

இருந்தது. சுட்டி என்று பெயர். வேலைக்குப் போன இடத்தில் மணல் குவியலுக்குள் கிடந்த குட்டியை உதயரூபன்தான் டூல்ஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். அவன் சாப்பிடாமல் அது சாப்பிடாது. செய்தி கேட்டதும் அவன் முற்றத்தில் வெகு நேரம் நின்றான். நாயை என்ன செய்வது என்று அயலவர்களும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

"வாகரைப் பக்கம் ஒரு வேல இரிக்கு," என்றான் கடைசியில், அவள் முகத்தைப் பார்க்காமல். "போகேக்க ஏத்திக்கொண்டு போய் விட்டிட்டு வாறன்."

"அழுதுகொண்டா ஓட்டப் போறீங்க?"

"உன்ர கண்ண விடவா எனக்கு நாய் பெரிசு?"

"சுட்டியிட்ட இருந்துதான் வந்தது எண்டு ஆர் கண்டது? ஊரில எத்தின நாய். எத்தின நுளம்பு. முதல் பாப்பம். மறுகா முடிவெடுப்பம்."

மிருக வைத்தியர் டிலக்சனிடம் சுட்டியைக் கொண்டுபோனார்கள். உதயரூபன் அணைத்துப் பிடித்திருக்க, அவர் முன்காலில் இருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்து, ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் விட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தார்.

"இரிக்கு," என்றார். "ஆர் பாக்கிறீங்க?"

கேதீஸ்வரி எழும்புவதற்குள் உதயரூபன் நாயை அவள் கையில் கொடுத்துவிட்டு முன்னுக்குப் போனான். வீடியோவையும் கிண்ணத்தையும் பார்க்கக் கூசியவன், நாயின் இரத்தத்தை மட்டும் தானே பார்க்க வேண்டும் என்று நினைத்தான் போலும். குனிந்தான். செங்குழியங்கள் பரப்பி வைத்தது போலக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே வெறுங்கண்ணுக்கு எட்டாத சின்னஞ்சிறு புழுக்குஞ்சுகள், செங்குழியங்களை இடித்து ஒதுக்கிக்கொண்டு துள்ளின. அவன் தலையை எடுக்கவில்லை.

"இவ்வளவு இரிந்தும் சுட்டிக்கு ஒரு வருத்தமும் இல்லயே, ஏன்?" என்று கேதீஸ்வரி வைத்தியரிடம் கேட்டாள்.

"நாயும் இந்தப் புழுவும் கனகாலப் பழக்கம் அக்கா. நாய்ர உடம்பு கொஞ்சம் கண்டும் காணாத மாதிரி இருக்கும். புழுவும் வீட்டுக்காரன் சாகிற அளவுக்கு அடிக்காது. சில நாய்க்குத் தோலில அரிப்பு, சொறி வரும். சுட்டிக்கு அதுவும் இல்ல."

"எங்களோட அந்தப் பழக்கம் இல்ல."

"இல்ல. அதுதான் சண்டை."

கேதீஸ்வரியின் கண்ணுக்கு வந்தது இந்த நாயிடமிருந்துதானா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டிலக்சன். இந்தப் பக்கத்து நாய்களில் நிறையப் பேருக்கு இது இருக்கும். நாயைக் கொண்டுபோய் விடுவதில் பயனில்லை. புழு இன்னோர் ஊருக்குப் போகும், அவ்வளவுதான். மாதா மாதம் மருந்து கொடுத்தால் இரத்தத்தில் உள்ள குஞ்சுகள் அழிந்துவிடும். நுளம்பு குடித்துக்கொண்டு போக ஒன்றும் இருக்காது. விருப்பமென்றால் ஒரு சனிக்கிழமை அவர்கள் வீடு இருக்கிற ஒழுங்கைக்கே வந்து எல்லா நாய்களையும் பார்க்கலாம் என்றார்.

"வாங்க," என்றாள் கேதீஸ்வரி. "நாய்களப் பிடிச்சுத் தாறது எங்கட பொறுப்பு. இந்தக் காட்டியையும் கொண்டு வாங்க. சனம் பாக்கட்டும்."

உதயரூபன் இன்னும் குனிந்தபடியே இருந்தான். "டொக்டர், ஒண்டு மற்றதச் சுத்திக்கொண்டு போகுது. இதுகளுக்குக் கண் இரிக்கா?"

"கண் இல்ல."

"மறுகா எப்பிடி வழி தெரியும்?"

டிலக்சன் சிரித்தார், பதில் சொல்லத் தொடங்கினார். கேதீஸ்வரி சுட்டியை ஒரு கைக்குள் இடுக்கிக்கொண்டு கணவனின் தோளைத் தட்டினாள்.

"எழும்புங்க மனிசன். எனக்கும் பாக்க விடுங்க."