சீனி அரக்கி

கறுப்புத் துணி ஷர்மினியின் இடுப்பைச் சுற்றி வந்து ஒரு சாண் குறைந்தது. ரமணி ஒட்டுத்துணி வைத்து ஊக்குக் குத்தினாள். ஐந்தாம் ஆண்டு வரை மேடையேறாத மகளுக்கு முதல் வேஷம். அதுவும் முக்கிய வேஷம். "ஆளத் தேடவே இல்லம்மா, பாத்தவொடனே முடிவு பண்ணிட்டேன்" என்று குணவதி டீச்சரே சொல்லியிருந்தார். பாயான் பாரு தொழிற்சாலையில் ஷிப்ட் மாற்றிக் கேட்டபோது ரமணி அதைக் கூட வேலை செய்யும் ஜெயலெட்சுமியிடம் அப்படியே ஒப்பித்தாள்.

"என்னா வேஷம்?"

"சீனி அரக்கிக்கா."

ஜெயலெட்சுமி அதற்குமேல் கேட்கவில்லை. ரமணி அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டாள்.

பள்ளி மண்டபத்தில் 'இனிப்பில்லா இளந்தலைமுறை' என்று பதாகை. விழாவுக்குக் கைகொடுத்த குளிர்பானக் கம்பெனியின் சின்னம் அதில் எழுத்தைவிடப் பெரிதாக இருந்தது. சிறப்பு விருந்தினர் டத்தோ சுகுமாரன் மாலையையும் பொன்னாடையையும் வயிற்றின்மேல் தாங்கிக்கொண்டு, வாயைக் கட்டுவதன் மேன்மை பற்றி நாற்பது நிமிடம் பேசினார். நடுவில் அவர் தொண்டை காய்ந்தது. ரோஜா நிறச் சிராப் சர்பத் கிளாசில் வந்தது, இரண்டு முறை. வேர்த்து வழிந்த பிள்ளைகள் உரையை விட்டுவிட்டு அந்தக் கிளாசைக் கவனித்தார்கள்.

பிறகு நாடகம். ஷர்மினி கர்ஜித்தபடி வந்தாள். ரமணி கைப்பேசியை உயர்த்தினாள். எதிரே 'தண்ணீர்' வேஷத்தில் வகுப்புத் தோழன் ஷர்வின் குச்சியாக வந்து நின்றதும்தான் சிரிப்பு கிளம்பியது.

"மேக்கப்பே வேணாம் லா, அப்படியே வுட்டுருக்கலாம்" என்றது பின்வரிசை.

டீச்சர் ஏன் ஆளைத் தேடவில்லை என்பது ரமணிக்கு அப்போதுதான் விளங்கியது. கைப்பேசி தானாக இறங்கியது. சோறாக்க நேரமில்லாத காலைகளில் சீனி போட்ட டின் கெட்டிப்பால் ஊற்றி, போத்தல் நிறையத் தேத்தண்ணி கலக்கி வைத்துவிட்டுப் போனவள் அவள்தான்.

ஷர்வின் தண்ணீர் தெளித்தான். அரக்கி விழ வேண்டும். விழவில்லை. மீண்டும் தெளித்தான்.

"விழு, ஷர்மினி! விழு லா!" ஓரத்திலிருந்து டீச்சர் பல்லைக் கடித்தார்.

"விழ மாட்டேன் டீச்சர்."

"நான் என்னா செய்யறது டீச்சர்? தண்ணி முடிஞ்சிருச்சு" என்றான் ஷர்வின்.

மண்டபம் குலுங்கியது. டத்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைமையாசிரியர் பாய்ந்து மைக்கைப் பிடித்தார்: "அருமையான நாடகம்! பிள்ளைங்களா, வெளியில டத்தோ ஆளுக்கொரு பாக்கெட் குளிர்பானம் கொடுக்கிறாரு. வரிசையா போங்க!"

நாற்காலிகள் சரிந்தன. வாசலை நோக்கி ஓடிய கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு ரமணி மேடைப் பக்கம் நடந்தாள். அதற்குள் திரை இருபுறமும் வந்து மூடிக்கொண்டது. தரைவரை எட்டாத அந்தத் திரைக்குக் கீழே, ஈரத்தில் இரண்டு கால்கள் அசையாமல் நின்றன.