எதற்கோ ஒரு சரி

நீடியா அப்பாவின் நீலக் கோட்டில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சவப்பெட்டிக்காரர் வருவதற்குள் கோட்டு தயாராக வேண்டும். அம்மா ஒடெட் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"டை வேண்டாம்டி. உங்கப்பாவுக்கு டை கட்டினா..."

கூரைக்கு மேல் விமானம் இறங்கியது. அலமாரியில் கோப்பைகள் நடுங்கின. அம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"...மூச்சு முட்டும்பாரு."

லிஸ்பனில் ஓடுபாதைக்கு நேர் எதிரே கிடக்கும் இந்தத் தெருவில் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள். சத்தம் வந்தால் நிறுத்தி, போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார்கள். நிறுத்தப் பொறுமை இல்லாதவன் பேசிக்கொண்டே போவான். எதிரே இருப்பவன் ஒன்றும் காதில் விழாமலே தலையாட்டி வைப்பான். பிறகு கேட்டுக்கொள்ளலாம். யாரும் அதைத் தப்பாக எடுப்பதில்லை.

நேற்று மத்தியானம் அப்பா அடலினோ அவள் கையைப் பிடித்து இழுத்தார். மூக்கிலிருந்த பிராணவாயுக் குழாயைத் தள்ளிவிட்டு ஏதோ சொன்னார். நீளமாகவே சொன்னார். நடுவில் நிறுத்தித் தொடர அவரிடம் மூச்சு இல்லை. தலைக்கு மேல் விமானம். நீடியா தலையாட்டினாள். சத்தம் ஓய்ந்து, "என்னப்பா?" என்று குனிந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார். கேட்டது கிடைத்துவிட்ட முகம். பிறகு விழிக்கவே இல்லை.

"என்னதான்டி கேட்டாரு?" அம்மா காலையிலிருந்து இதையேதான் கேட்கிறாள். "நீ தலையாட்டினத வாசப்படியிலேருந்து பாத்தேன்."

"உன்னப் பத்திரமா பாத்துக்கச் சொன்னாரும்மா."

"பொய் சொல்லாத. கல்யாணம் ஆன நாள்லேருந்து என்னப் பத்தி யார்கிட்டயும் அந்த மனுஷன் ஒரு வார்த்த பேசினதில்ல."

அண்ணன் ருயி மேசையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். விமானங்களில் பெட்டி ஏற்றுகிற வேலை அவனுக்கு. மஞ்சள் சட்டையைக் கழற்றவில்லை.

"கூட்டத்துல போய்ப் பேசுன்னு சொல்லியிருப்பாரு. வேற என்ன கேக்கப் போறாரு?"

நாளை மூன்று மணிக்குக் கூட்டம். இருக்கிற நெரிசல் போதாதென்று இன்னும் கூடுதலாக விமானங்களை இறக்கலாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். அப்பா எல்லாக் கூட்டத்திலும் எழுந்து நின்று ஒன்றையேதான் சொல்வார்: "ஒரு விமானம் ஓடுபாதைய விட்டு ஒதுங்கறதுக்குள்ள அடுத்தது வாசல்ல நிக்குது. என்னிக்காவது ஒண்ணு ஒதுங்காம நிக்கும்." மேடையில் இருப்பவர்கள் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். நாளைக்கும் பெயர் கொடுத்திருந்தார்.

"வீட்டுக்கு ஒரே பட்டதாரி நீதானே. போயி அழகாப் பேசு," என்றான் ருயி. "நீ பேசி விமானம் நின்னா, நான் பெட்டி தூக்க வேற ஊரு பாக்குறேன்."

"நம்ம தலையில விமானம் விழுந்தா உன் வேலையும் சேந்துதான்டா விழும்," என்றாள் நீடியா.

"விழறப்ப விழட்டும். என் புள்ளைக்கு சாப்பாடு இன்னிக்கே வேணும்."

சவப்பெட்டிக்காரர் ஃபவுஸ்தினோ வந்தார். கோட்டை வாங்கிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டார்.

"கல்லறைத் தோட்டத்துல நாளைக்கு மூணு மணிதான் கிடைச்சுது. அதை விட்டா திங்கக்கிழமை. அங்கயும் வரிசைதான், என்ன பண்றது. எத வைக்கட்டும்?"

மூன்று பேரும் நீடியாவைப் பார்த்தார்கள். அப்பா கேட்டது இவள் ஒருத்திக்குத்தான் தெரியும் என்பது போல. கூட்டத்தில் பேசச் சொல்லியிருந்தால், திங்கட்கிழமை வரை அவர் ஐஸ் பெட்டியில் கிடக்கட்டும். பேசி என்ன ஆகப்போகிறது? நன்றி சொல்வார்கள், அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். ஒருவேளை அவர் தண்ணீர் கேட்டிருக்கலாம். ஜன்னலைச் சாத்தச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் அவள் செய்யவில்லை.

"நாளைக்கே வச்சுடுங்க," என்றாள்.

அம்மா திரும்பி சூப்பைக் கிளறினாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை.

ஃபவுஸ்தினோ போனதும் ருயி வேலைக்குக் கிளம்ப எழுந்தான்.

"லீவு குடுக்கலியா?" என்றாள் நீடியா.

"குடுத்தாங்க. இங்க உக்காந்து என்ன பண்ண?"

"கூட்டத்துக்கு யாரும் போகல. இப்ப சந்தோஷமா?"

அவன் வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டப் பார்த்தான். முடிச்சு விழவில்லை. மறுபடி முயன்றான். அப்போதும் கயிறு நழுவியது.

நீடியா மண்டியிட்டு அவன் கையை விலக்கிவிட்டு ஒரு காலைக் கட்டினாள். மற்ற காலை அவனே நீட்டினான்.